பாதை இல்லை என்று நான் சொன்னது

சிவமயம்

தம்பி,

நீயும் ரூத்தும் யாழ்ப்பாணம் புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடிந்து எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தபோது, ரூத் தன்னுடைய குறிப்புப் புத்தகத்தை விரித்து அங்கே பார்க்க வேண்டியவற்றை வாசித்தாள். நல்லூர்க் கோயில், கோட்டை, கீரிமலைக் கேணி, உன் பெரியப்பா வீடு. அதற்குக் கீழே, 'நீதிமன்றத்துப் பழைய பதிவுகள், அம்மாவின் அப்பா வென்ற கிணற்று வழக்கு' என்று எழுதியிருந்தாள். நீ சிரித்தாய், உன் அப்பாவும் சிரித்தார். நான் தேத்தண்ணீர் வைக்கப் போவதுபோல் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். அந்த வழக்குக் கட்டுக்குள் என்னுடைய வாக்குமூலமும் இருக்கிறது. பதினேழு வயதில் சாட்சிக் கூண்டில் ஏறி நான் சொன்னது. அது பொய். அந்தக் காலத்தில் நாங்கள் தமிழில் சொன்னதை நீதிமன்ற முதலியார் மொழிபெயர்க்க, எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் எழுதிவைத்தார்கள். ஆகையால் ரூத்துக்கு அதை வாசிக்க ஒருவருடைய உதவியும் தேவைப்படாது. அவள் வாசித்து உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். சொல்லத் தொடங்கினால் என் குரல் தடுமாறும். உடனே நீ, "விடுங்கோ அம்மா, பழைய கதை" என்று தோளில் கைபோடுவாய். உன் அப்பா ஏதாவது பகிடி விடுவார். அத்தோடு அது முடிந்துவிடும். முப்பது வருஷமாக நான் அந்தப் பேச்சை எடுக்கப் பார்க்கும்போதெல்லாம் அது தொடங்குமுன்னமே அப்படித்தான் முடிந்துபோகிறது. எழுதும்போது இடையில் ஒருவரும் பேச மாட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷையும் நானாகவேதான், அகராதியையும் பத்திரிகையையும் வைத்துப் படித்தேன். ஆனால் வீட்டுக் கணக்கை எழுதாமல் ஒரு நாளும் படுத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். அந்த ஒழுங்கில் இதையும் எழுதப் பார்க்கிறேன். முதலில் நான் ரூத்துக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். அதுவும் உனக்குத் தெரியாது. அதிலிருந்துதான் மற்றது வெளியே வந்தது.

போன வருஷம் ஈஸ்டர் விடுமுறை முடிந்து வந்து, ரூத்தைக் கலியாணம் செய்யப்போகிறேன் என்று நீ சொன்னபோது நான் ஒன்றும் பேசவில்லை. நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். எனக்கு உள்ளுக்குள் நெருப்பாக இருந்தது. ஆனால் அவள் வெள்ளைக்காரி என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து இறங்கிய மாதம், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் ஒரு பெண் கதவைத் திறந்து எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வீடு போய்விட்டது என்று சொன்னாள். நாங்கள் திரும்பி நடந்தபோது ஜன்னலில் அந்த அட்டை அப்படியே தொங்கியது. அதை நினைத்து நினைத்துக் கொதித்தவள் நான். அதே காரியத்தை நானே செய்வது எப்படி? அதனால் வேறு காரணம் வேண்டியிருந்தது. நாலு பேருக்குச் சொல்லக்கூடிய, மரியாதையான ஒரு காரணம்.

எங்கள் ஊரில் ஒரு சம்பந்தம் வந்தால் விசாரிப்போம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர்களிடம் ஒரு தடவை, வேண்டாதவர்களிடம் ஒரு தடவை, இரண்டிலும் சேராத தபாற்காரரிடமோ பள்ளிக்கூட வாத்தியாரிடமோ ஒரு தடவை. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் உண்மை ஓரளவுக்குத் தெரியும். ரூத்தின் குடும்பத்தையும் விசாரிக்க வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

"இஞ்சரும், இஞ்ச ஆரைப் போய் விசாரிக்கிறது? பால்காரனிட்டயோ?" என்றார்.

"ஊருக்கு ஊர் பழைய ஆக்கள் இருப்பினம்தானே?"

"இருப்பினம். போய்க் கேளும். உம்மடை குலமென்ன கோத்திரமென்ன எண்டு. அவையள் பொலிசைக் கூப்பிடுவினம்."

அவர் சிரித்துவிட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார். எனக்கு வழி காட்டியது பக்கத்து வீட்டு ஐலீன்தான், பாவம், அவளுக்கு என் நோக்கம் தெரியாது. அவள் எங்கள் பகுதி வரலாற்றுச் சங்கத்தில் இருப்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் சீனி கேட்டு வந்தவள், மேசையில் கிடந்த என் கணக்குக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "லவ், இவ்வளவு நேரான நிரல்களை நான் கண்டதே இல்லை. நீ எங்களுக்கு உதவிக்கு வர வேண்டும்" என்றாள். யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பழைய நீதிமன்றப் பேரேடுகளிலிருந்து பெயர்களை எடுத்து அகரவரிசையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏன் நீதிமன்றம் என்று கேட்டேன். "கல்லறைக் கல்லில் எல்லாரும் நல்லவர்கள், லவ். குடும்ப பைபிளில் பிறந்ததும் செத்ததும் மட்டும்தான் இருக்கும். கவுன்ரி கோர்ட்டுக்கு வந்தால்தான் வாய் திறப்பார்கள். வேலி உடைந்தது, குதிரை நொண்டியது, கூலி கொடுக்கவில்லை என்று சண்டை பிடிக்கும்போதுதான் ஒருவன் எங்கே இருந்தான், என்ன தொழில் செய்தான், பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று எல்லாம் தெரியவரும்." பெரிய குற்றங்களை விசாரிக்கிற இடம் அதுவல்ல, சின்ன மனிதர்களின் வழக்குகளைக் கேட்க நீதிபதி ஊர் ஊராகப் போய் அமர்வாராம். அந்த ஊர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தவள் ரூத்தின் ஊரையும் சொன்னாள். நான் உடனே, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று புதன்கிழமை போனேன். உங்களிடம் ஐலீனோடு சந்தைக்குப் போகிறேன் என்று சொன்னேன். பொய் பொய்யாக இருக்கக்கூடாது என்று, திரும்பும்போது வாழைக்காயோ கத்தரிக்காயோ வாங்கி வந்தேன். நகரத்தில் அந்த ஆவணங்கள் இருக்கும் இடத்தில் பேனையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு பென்சில் தருவார்கள். பேரேடுகள் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பாரம். முதல் நிரலில் வழக்கு இலக்கம், பிறகு வழக்காளி, எதிராளி, என்ன கேட்டு வந்தார், கடைசியில் தீர்ப்பு. எனக்கு அது அந்நியமாகவே இல்லை. இலக்கத்தை எழுதிக்கொடுத்தால், மங்கிய சிவப்பு நாடாவால் கட்டிய காகிதக் கட்டைக் கொண்டுவந்து தருவார்கள். அதில் ஒரே பெயரில் இரண்டு பேர், மூன்று பேர் வருவார்கள். தொழிலையும் மனைவி பெயரையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அதையெல்லாம் நான் சரியாகச் செய்தேன். மூன்றாவது புதன்கிழமை ரூத்தின் பூட்டன் தாமஸைக் கண்டுபிடித்தேன். கிணறு வெட்டுகிறவர். ஒரு விவசாயி அவர்மீது வழக்குப் போட்டிருந்தார்: நாற்பது அடிக் கிணற்றுக்கு ஒப்புக்கொண்டு முழுப் பணத்தையும் வாங்கி, இருபது அடியில் விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார் என்று. கடைசி நிரலில், எதிராளி வரவில்லை, தீர்ப்பு வழக்காளிக்கு என்று எழுதியிருந்தது. அந்த வருஷப் பேரேட்டின் கடைசிப் பக்கம் அது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. அதை மறைத்து எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. கோயிலில் நினைத்தது நடந்தால் வருமே ஒரு சந்தோஷம், அதுபோல இருந்தது. அன்றைக்கு அலுமாரித் தட்டில் சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, முருகா, வழி காட்டிவிட்டாய் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெட்கம் வரவில்லை. அதுதான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை நீயும் அப்பாவும் காருக்கு பற்றரி வாங்கப் போயிருந்த நேரத்தில் ரூத் வந்தாள். பேரேட்டைப் பார்த்து நான் எழுதி வைத்திருந்த படியை மேசையில் அவளுக்கு முன்னால் வைத்தேன். "இது உன்னுடைய பூட்டன். எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு முன்னால் இப்படிப்பட்டதெல்லாம் பார்ப்பார்கள். நீயும் யோசிக்க வேண்டும்" என்றேன். எத்தனையோ தரம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த இங்கிலீஷ். அவள் வாசித்தாள். முகம் வெளிறிப்போனது. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். "அன்ரி, இதை நான் கொண்டுபோகலாமா?" என்று மட்டும் கேட்டாள். கொண்டுபோ என்றேன். தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். "என்ன பிரச்சினை எண்டு தெரியேல்லை அம்மா. ஒவ்வொரு சனியும் ஊருக்குப் போறாள். கேட்டால், வேலை இருக்கு, பிறகு சொல்லுறன் எண்டுறாள்" என்று நீ குசினி வாசலில் நின்று சொன்னாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். "எல்லாம் நன்மைக்குத்தான், தம்பி" என்றேன். உனக்குப் பிடித்த ஒடியல் கூழுக்கு ஊரிலிருந்து வந்த மாவைத் தேடி எடுத்துக் காய்ச்சித் தந்தேன். நீ பாதியில் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாய். உன்னை அந்த மூன்று வாரம் அப்படி நடக்க விட்டவள் நான்தான். இரண்டு தரம் சொல்லிவிடலாம் என்று உன் அறை வாசல் வரைக்கும் வந்தேன். ஆனால் அவள் உன்னை விட்டுப் போய்விட்டால் நீ எங்களோடு இருப்பாய் என்ற நினைப்பு, கதவைத் தட்ட விடவில்லை.

நாலாவது சனிக்கிழமை அவள் தன் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜிம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதிரையின் நுனியில் இருந்தார். நான் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்து, "இதைக் கண்டுபிடித்தவர் நீங்கள்தானாமே" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குத் தன் பாட்டனைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். அவருடைய தகப்பன் தவழ்கிற வயதிலேயே தாமஸ் இறந்துவிட்டாராம். ஒரு படம் இல்லை, ஒரு கடிதம் இல்லை. "ஒரு கள்ளன் கிடைத்தால்கூடப் போதும் என்றுதான் இருந்தோம்" என்று அவர் சொன்னபோது உன் அப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். ரூத் என் படியை வைத்துக்கொண்டு அடுத்த வருஷப் பேரேட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். அதன் இரண்டாம் பக்கத்திலேயே அந்த வழக்கு மறுபடியும் இருந்தது. தாமஸ் மூன்று மாதம் கழித்து வந்து, அழைப்பாணையைத் தான் விட்டுப்போன விடுதியில் கொடுத்திருக்கிறார்கள், தன் கைக்கு அது வரவேயில்லை என்று சொல்ல, பழைய தீர்ப்பை நீக்கி மறுபடி விசாரித்திருக்கிறார்கள். நீதிபதியின் கைக்குறிப்பில் தாமஸ் சொன்னது அப்படியே இருந்தது. ஜிம் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். "பதினெட்டு அடியில் மண் சரியத் தொடங்கியது. பக்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் கேட்டேன். அவர் தரவில்லை. இறங்க மாட்டேன் என்றேன். எனக்கு மனைவி இருக்கிறாள் என்றேன்."

நீதிபதி அவரை முழுவதும் நம்பவில்லை. மரம் இல்லாமல் இறங்க மறுத்தது சரி, பணத்தோடு சொல்லாமல் போனது பிழை, பாதியைத் திருப்பிக் கொடு என்று தீர்த்திருந்தார். "ஆக, எங்கள் ஆள் இருபது அடிக்கு நல்லவன், மற்ற இருபது அடிக்குக் கள்ளன்" என்று ஜிம் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு விளங்கவில்லை. நீ ரூத்தின் பக்கத்தில் இருந்து அந்தக் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாய். அம்மா ரூத்தின் குடும்ப வரலாற்றில் அக்கறை எடுத்துத் தேடிக் கொடுத்திருக்கிறார் என்று நம்பி, என்னைப் பெருமையோடு பார்த்தாய். அந்தப் பார்வையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் வெட்கம் என்ன தெரியுமா? என் கணக்குக் கொப்பியில் ஒரு பக்கம் முடிந்தால் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலைப்பில் எழுதாமல் நான் பேனையை மூடியதில்லை. பக்கம் முடிந்தால் கணக்கு முடிந்துவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டிய வரி கிடைத்ததும் பேரேட்டை மூடிக் கொடுத்துவிட்டேன். வேண்டாதவர்களிடம் மட்டும் விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர்கள் புறப்படும் முன்னர் ரூத் கோப்பைகளைக் கழுவக் குசினிக்கு வந்தாள். "நான் அதை எதற்காகத் தந்தேன் என்று உனக்கு விளங்கவில்லையா?" என்று மெல்லக் கேட்டேன்.

"விளங்கியது, அன்ரி. ரயிலில் போகும்போது முழு வழியும் அழுதேன்."

"அப்ப ஏன் அவனிடம் சொல்லவில்லை?"

அவள் ஒரு கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு, "நீங்கள் சொல்வீர்கள் என்று நினைத்தேன்" என்றாள். குத்திக்காட்டுவதுபோல் இல்லை. உண்மையாகவே அப்படி நினைத்திருந்தாள். தாலி கட்டியபோது, மண்டபக்காரன் ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் மணல் வாளியோடு நின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்களே, அப்போதும் அவள் என்னைப் பார்த்தாள். நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமைதான் ஜிம் எங்களிடம் கேட்டார், உங்கள் நாட்டிலும் இப்படிப் பழைய வழக்குகள் இருக்குமா என்று. உன் அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்கடை ஆக்களோ? வேலியிலை ஒரு கதியால் தள்ளி நட்டால் கோட்டுக்குப் போயிடுவினம். இவவின்ரை அப்பா, என்ரை மாமா, ஒரு வழக்கும் தோற்கேல்லை. கிணத்து வழக்கு எண்டு ஒண்டு. பிரக்கிராசிமாரே வந்து பாத்துக்கொண்டு நிண்டவையாம்" என்று சொல்லி அதை நீ இங்கிலீஷில் சொல்ல, ரூத் குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். மாமனார் வென்றார் என்பது மட்டும்தான் உன் அப்பாவுக்குத் தெரியும். எப்படி வென்றார் என்பதை அவரும் இந்தக் கடிதத்தில்தான் அறியப்போகிறார்.

எங்கள் வளவில் இருந்த கிணறு எங்களுக்கும் பக்கத்து வளவுத் தங்கம்மாவுக்கும் பொதுவானது. தங்கம்மாவின் கணவர் இறந்துவிட்டார். அவருக்கு ஒரே மகள் பூமணி, என் வயது. அவர்கள் எங்கள் வளவின் கிழக்கு மூலையால் நடந்து கிணற்றுக்கு வருவார்கள். அந்தப் பாதையில் புல் முளைக்காது. அவ்வளவு கால் பட்ட இடம். நானும் பூமணியும் விடியக் காலையில் துலாவில் தண்ணீர் அள்ளி, அந்தப் பாதையால் அவர்கள் வீட்டுக்குப் போய், அங்கே இருந்து பள்ளிக்கூடம் போவோம். என் கலியாணத்துக்கு அந்த வளவைச் சீதனமாக எழுத அப்பா நினைத்தபோது, ஊடே பாதை இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்வார்கள் என்று கிடுகு வேலி போட்டு அடைத்தார். கிணற்றுப் பங்கை மறுக்கவில்லை, வளவுக்கு வெளியே உள்ள ஒடுங்கிய தெருவால், ஒழுங்கையால், சுற்றி வரட்டும் என்றார். சுற்றி வந்தால் அரைக்கால் மைல். தங்கம்மா வழக்குப் போட்டார். எங்கள் பிரக்கிராசியார், அந்த நாளில் வழக்கு நடத்தும் சட்டத்தரணியை அப்படித்தான் சொல்வோம், அவர் அப்பாவிடம், "தண்ணி அள்ளுற பிள்ளை சொன்னால் துரை நம்புவார்" என்று சொல்லிவிட்டார்.

நான் மாட்டேன் என்று அழுதேன். அப்பா அடிக்கவில்லை, ஏசவில்லை. பக்கத்தில் இருத்தி, "கோயில்லை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லேல்லைப் பிள்ளை. இது கோடு, வழக்குப் பேசுற இடம். அங்கை துரைக்கு ஒரு வார்த்தை சொல்லுறது. அது சத்தியமில்லை" என்றார். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிள்ளையார் கோயில் வாசலில் பொய் சொல்ல அஞ்சுகிறவன், நீதிமன்றத்தில் கூசாமல் சொல்லுவான். சாமி இருக்கிற இடம் வேறு, சட்டம் இருக்கிற இடம் வேறு என்று. நான் கூண்டில் ஏறி, உண்மை சொல்கிறேன் என்று உறுதி கொடுத்து, அப்படி ஒரு பாதையை நான் கண்டதேயில்லை என்றேன். நீதிபதி ஒரு கேள்வி மட்டும் கேட்டார். அவர்கள் இவ்வளவு காலமும் எந்த வழியால் தண்ணீருக்கு வந்தார்கள்? ஒழுங்கையால் என்றேன். பூமணி தாயோடு முன் வாங்கில் இருந்தாள். அவள் அழவில்லை. நான் இறங்கிப் போகும்போது என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் குடத்தோடு ஒழுங்கையைச் சுற்றி வருவதை இரண்டு வருஷம் பார்த்தேன். மாரி காலத்தில் ஒழுங்கை முழங்கால் அளவு வெள்ளம். ஒரு தரம் கிணற்றடியில் எதிர்ப்பட்டபோது, "ஒரு நாளும் காணேல்லையோடி?" என்று கேட்டாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். பிறகு எனக்குக் கலியாணமாகி, கொழும்புக்குப் போய், நீ பிறந்து, இங்கே வந்துவிட்டோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விரதம் இருந்தேன், ஒரு கந்தசஷ்டியும் விடவில்லை. இத்தனை வருஷத்தில் சாமியிடம் கேட்காதது ஒன்றுமில்லை. இதை மட்டும் அவரிடம் நான் சொன்னதில்லை. அது கோர்ட்டில் நடந்தது, அவருக்கு அதில் வேலை இல்லை என்று அப்பா சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தேன். நகரத்தில் அந்தக் காகிதக் கட்டுகளைக் கையில் எடுத்தபோதுகூட, இவற்றில் உள்ளவர்களும் என்னைப்போலக் கூண்டில் ஏறியவர்கள்தான், இவர்கள் சொன்னதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றவில்லை. அது முதலில் தோன்றியிருக்க வேண்டியது எனக்குத்தான்.

அதனால் உனக்கும் ரூத்துக்கும் ஒன்று சொல்கிறேன். பழைய வழக்குகளைத் தேடுங்கள், நல்ல வேலை அது. காணிகளின் எல்லை, யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும், வேறெங்கும் இருக்காது. ஆனால் அதில் எழுதியிருப்பது, இன்னார் இப்படிச் சொன்னார் என்பது மட்டும்தான். தோற்றவர் சொன்னதை வென்றவர் சொன்னதற்குப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தங்கம்மாவின் வாக்குமூலமும் அந்தக் கட்டில் இருக்கும். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதை முதலில் வாசியுங்கள், பிறகு என்னுடையதை வாசியுங்கள். கலியாணம் கட்டிய புதிதில் உங்களுக்குள்ளும் ஒருவர்மேல் ஒருவருக்கு வழக்கு வரும். அப்போதும் இதைத்தான் சொல்வேன்.

போன வியாழக்கிழமை ஐலீன் என்னை மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இங்கே மருந்துக்கடைக்காரர் சமாதான நீதவானாகவும் இருக்கிறார். இருமல் மருந்து விற்கிற அதே மேசையில் சத்தியக் கடதாசிக்கும் ஒப்பம் வைக்கிறார். அன்றைக்குக் கூண்டில் சொன்னது பொய் என்று நான் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதை இப்போது யாரும் உங்களிடம் கேட்கவில்லையே?" என்றார். இல்லை என்றேன். "அப்படியென்றால் ஏன்?" என்றார். ஐலீன், "ஒப்பத்தை வை, லவ். பின்னால் வரிசை நிற்குது" என்று அவரை அதட்டினாள். கை உயர்த்தி உறுதி சொல்லும்போது, இந்தத் தரம் சாமியும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அந்தக் கடதாசி இந்த உறைக்குள் இருக்கிறது. அதோடு, என் பெயரில் ஊரில் காணி உறுதி எழுத உனக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணிப் பத்திரமும் இருக்கிறது. அந்த வளவு என் சீதனம், எனக்குப் பிறகு உனக்குத்தான். அதில் கிழக்கு மூலையால் கிணறு வரைக்கும் பாதையைப் பூமணிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடு. உனக்கு வரவேண்டியது அவ்வளவுக்குக் குறையும். உன்னைக் கேட்காமல் குறைத்ததற்கு மன்னித்துக்கொள். வளவைப் பார்த்துக்கொள்ளும் உன் மாமா, "அக்காவுக்கு அவுஸ்திரேலியாக் குளிர் தலைக்கு ஏறிட்டுது" என்று குதிப்பார். குதிக்கட்டும். தங்கம்மா இறந்து பல வருஷம். பூமணி அதே வீட்டில் மகளோடு இருக்கிறாள் என்று உன் பெரியப்பா எழுதியிருந்தார். இன்னும் ஒழுங்கையால்தான் சுற்றி வருகிறாளாம்.

அவளிடம் நீயும் ரூத்தும் சேர்ந்து போங்கள். என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். தமிழில் எழுதிய கடதாசியை அவள் கையில் கொடு, அவள் வாசித்து முடிக்கும்வரைக்கும் பேசாமல் இரு. அவள் ஏசினால் கேட்டுக்கொள். பிறகு நில அளவைக்காரரைக் கூப்பிடு. பாதை எங்கே இருந்தது என்று அவர் உன்னைக் கேட்பார், உன் மாமாவைக் கேட்பார். நீங்கள் ஒருவரும் காட்ட வேண்டாம். பூமணி தன் வீட்டு வாசலில் இருந்து நடக்கட்டும். அளவைக்காரர் அவளுக்குப் பின்னால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போகட்டும். அவள் எந்த இடத்தில் வேலிக்கு முன்னால் நிற்கிறாளோ, அந்த இடத்தில் வெட்டு.

அம்மா